பத்து நிமிடமும் நாற்பத்தைந்து நாளும்

அமெரிக்காவில் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் பழைய வாத்தியம் வாங்க யோசனை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். கையில் எடுத்து வாசித்துப் பார்க்காமல் வாங்காதே. வாங்கினால் வாசிக்கிற ஒருவனிடம் நேரில் வாங்கு. பெரிய சங்கிலிக் கடையின் பழைய சரக்கை மட்டும் இணையத்தில் படம் பார்த்து வாங்கிவிடாதே. பல வருடம் மேடை ஏறியவரும் இதைச் சொல்கிறார், போன மாதம் முதல் பாடம் எடுத்தவரும் சொல்கிறார். அங்கே குடியேறிய நம்மவர்கள் பிள்ளைக்கு ஒரு கீபோர்டு வாங்க விசாரிக்கும்போதும் இதே அறிவுரையைத்தான் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள்.

இந்த அறிவுரை தவறு என்பது என் கட்சி. சில வகைப் பொருள்களுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் முதன்முறை வாங்குகிறவருக்கு, தெரிந்த மெக்கானிக் இல்லாதவருக்கு, நல்லது கெட்டதைக் காதால் பிரித்தறியப் பழகாதவருக்கு, அதாவது யாருக்கு இது அதிகம் சொல்லப்படுகிறதோ அவருக்கே, இது தலைகீழாக வழிகாட்டுகிறது.

பெரிய சங்கிலிக் கடை என்று பொதுவாகச் சொன்னாலும் அமெரிக்காவில் இந்தப் பேச்சு வரும்போது எல்லார் மனத்திலும் இருப்பது கிட்டார் சென்டர்தான். 1959இல் வெய்ன் மிட்செல் என்பவர் ஹாலிவுட்டில் ஆர்கன் விற்கத் தொடங்கிய கடை அது. பிறகு வாக்ஸ் நிறுவனத்தின் ஆம்ப் என்ற ஒலிபெருக்கி விற்று, கிட்டார் விற்று, பெயரையும் மாற்றிக்கொண்டு, முன்னூறை நெருங்கும் கிளைகளாக வளர்ந்தது. ஒவ்வொரு கிளையும் உள்ளூர்க்காரர்களிடம் பழைய கிட்டார், ஆம்ப், பெடல், டிரம், மைக் எல்லாவற்றையும் காசு கொடுத்தோ புதிய பொருளுக்கு ஈடாகவோ எடுத்துக்கொள்கிறது. கிளை ஊழியரே நாலு படம் எடுத்து, விலை போட்டு, நாடு முழுமைக்குமான பட்டியலில் ஏற்றிவிடுகிறார். பாஸ்டனில் உட்கார்ந்திருப்பவர் ஃபீனிக்ஸ் கிளையின் சுவரில் தொங்கும் கிட்டாரை வாங்கலாம்.

இந்தப் பட்டியலைப் பற்றிய புகார்கள் ஊரறிந்தவை. படங்கள் கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில், ஊழியரின் நிழல் விழ எடுத்தவை. விவரம் என்ற பெயரில் தயாரிப்பாளர் பெயர், மாதிரி, நிறம், 'குட்' அல்லது 'கிரேட்' என்று ஒரு தரச் சொல், அவ்வளவுதான். ஆண்டு தவறாக இருக்கும். மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் கிட்டாருக்கு அமெரிக்கத் தயாரிப்பின் பெயர் இருக்கும், சில நேரம் மறுதலையாகவும். எழுதியவர் டிரம் வாசிக்கிறவராக இருந்தால் கிட்டாரின் கதி அதோகதி. உறை உண்டா இல்லையா என்பதுகூடப் பல நேரம் தெரியாது. போதாததற்கு, வேறு யாரோ பிய்ந்துபோன அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாளைத் திணித்து அனுப்பிவைப்பார்.

எல்லாம் உண்மை. இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. கேள்வி வேறு. விவரம் மோசமாக இருந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

நேரில் பார்த்து வாங்குவதை எடுத்துக்கொள்வோம். ஒரு வாகன நிறுத்துமிடம், அல்லது விற்பவர் வீட்டுக் கூடம். கிட்டாரைக் கையில் கொடுக்கிறார். நீங்கள் பார்க்கிறீர்கள், அவர் உங்களைப் பார்க்கிறார். நாலு ஸ்வரம் வாசிக்கிறீர்கள். கூச்சம் வேறு. அவர் மனைவி உள்ளே சமைக்கிறார், குழந்தை எட்டிப் பார்க்கிறது. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அதற்குள் பணத்தை எடுத்துக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். இதைத்தான் 'தொட்டுப் பார்த்து வாங்குவது' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சந்தையில் கறவை மாடு பிடிக்கிறவர்கள்கூட இரண்டு வேளை கறந்து பார்க்காமல் துண்டுக்குள் விரல் நீட்டுவதில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் எது தெரியும்? கீறல் தெரியும். கைப்பிடி வசதியாக இருக்கிறதா என்பது தெரியும். ஒலி வருகிறதா என்பது தெரியும். பழைய வாத்தியத்தில் பணத்தைத் தின்கிற குறைகளோ பெரும்பாலும் வேறு வகை. அவை சூட்டில் வரும், குளிரில் வரும், பருவம் மாறினால் வரும்.

டியூப் ஆம்பைப் பாருங்கள். குளிர்ந்த ஆம்பை இயக்கிப் பத்து நிமிடம் வாசித்தால் பெரும்பாலும் அழகாகவே பேசும். ஃபெண்டர் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஹாட் ராட் டீலக்ஸ் பழைய சந்தையில் அரிசி பருப்பு மாதிரி கிடைக்கும். அதன் சர்க்கியூட் பலகையில் இரண்டு 5 வாட் மின்தடைகள் உண்டு. அவை சூடேறி ஏறித் தாம் நிற்கும் இடத்துப் பற்றவைப்பைத் தளர்த்திவிடும். அதன் பிறகு ஆம்ப் நினைத்தால் பாடும், நினைத்தால் நின்றுவிடும். இந்தக் கோளாறு ஆம்ப் மெக்கானிக் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அது தலைகாட்ட ஆம்ப் நன்றாகக் கொதிக்க வேண்டும். அதேபோல் மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய மின்தேக்கிகள் உலர்ந்துபோயிருந்தால் ஒரு முனகல் வரும். விற்பவர் வீட்டுக் கூடத்துப் பேச்சுச் சத்தத்தில் அது காதில் விழாது. இரவு பதினொரு மணிக்கு உங்கள் அறையில் விழும். டியூப் ஒன்று கிழடு தட்டிக் கணகணவென்று மணி அடிப்பதும் ஒலியைக் கூட்டி வாசிக்கும்போதுதான். அடுத்தவர் வீட்டில் எத்தனை பேர் அவ்வளவு கூட்டி வாசிப்பார்கள்?

பழைய சின்தசைஸர் இன்னும் கள்ளத்தனமானது. 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ 106இல் ஆறு குரல்களுக்கும் தனித்தனிச் சில்லு. அவற்றைச் சுற்றிப் பூசிய பிசின் காலப்போக்கில் சில்லுகளையே கெடுத்து, ஒரு குரல் வெடவெடக்கும் அல்லது காணாமல் போகும், பிறகு தானாகத் திரும்பி வரும். அந்த மாலைப் பொழுதில் ஆறும் ஒழுங்காக இருந்தால் நீங்கள் பாக்கியசாலி என்றுதான் நினைப்பீர்கள். 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸில் நினைவகத்துக்கான மின்கலம் கசிந்து பலகையின் தடங்களை அரித்துவிடும். வெளியே எல்லாம் பளபளப்பு. யமஹா டிஎக்ஸ்7இல் உள்ளே இருக்கும் மின்கலம் தீர்ந்தால் சேமித்த ஒலிகள் எல்லாம் குழம்பிப்போகும். இதெல்லாம் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால் தெரியுமா?

அகௌஸ்டிக் கிட்டாருக்கு வருகிறேன், இங்கேதான் 'தொட்டுப் பார்' கட்சி மிகவும் உரக்கப் பேசுகிறது. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் கக்கிக்கொண்டும் இருக்கும். தயாரிப்பாளர்கள் கேட்பது ஏறக்குறைய 45 முதல் 55 சதவிகித ஈரப்பதம். அதற்குக் கீழே வெகுநாள் இருந்தால் மேற்பலகை உள்வாங்கும், கழுத்து மரம் சுருங்கி ஃப்ரெட் கம்பிகளின் முனை விளிம்பில் துருத்திக் கையைக் கீறும், கடைசியில் விரிசல் விடும். மேலே போனால் பலகை உப்பி, நரம்பு உயர்ந்து, விரல் வலிக்கும். ஃபீனிக்ஸிலோ லாஸ் வேகஸிலோ வருடக்கணக்கில் சுவரில் கிடந்த கிட்டார் ஹூஸ்டனுக்கு வந்தால் என்ன செய்யும் என்பதை ஃபீனிக்ஸுக்கே போய் ஒரு மணி நேரம் வாசித்தாலும் நீங்கள் அறிய முடியாது. உங்கள் வீட்டில் மூன்று வாரம் இருக்கட்டும், தானே சொல்லும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோசம் என்று திட்டு வாங்கும் அந்தப் பட்டியலில் ஒரு தகவல் மட்டும் தவறுவதில்லை, பொருள் எந்த ஊர்க் கிளையில் இருக்கிறது என்பது. மரம் தெரிந்தவருக்கு அது பாதி ஜாதகம். தனி ஆள் விற்கும்போது, அவர் அந்தக் கிட்டாரைப் பரணில் வைத்தாரா, கார் டிக்கியில் வைத்தாரா என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி.

ஆக, கையில் பத்து நிமிடமா, வீட்டில் பல வாரமா என்பதுதான் உண்மையான போட்டி. கிட்டார் சென்டர் பழைய பொருளுக்கும் திருப்பித் தரும் கெடு வைத்திருக்கிறது. நான் அறிந்த விதிப்படி 45 நாள். எந்தக் கிளையிலும் திருப்பலாம். விதி மாறக்கூடியது, வாங்கும் அன்று ரசீதில் இருப்பதே செல்லும். தொலைவிலிருந்து அனுப்பும் செலவு திரும்பாது. பொருளின் விலை திரும்பும். காரணம் சொல்ல வேண்டாம் என்பதுதான் இதில் நான் மிகப் பெரியதாக நினைப்பது.

ஏன் என்றால், இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் இணையச் சந்தைகளில் காரணம் சொல்லியாக வேண்டும். ரிவெர்ப் சந்தை 2013இல் சிகாகோவில் வாத்தியக் கடை வைத்திருந்த டேவிட் கால்ட் தொடங்கியது. 2019இல் எட்ஸி 27.5 கோடி டாலருக்கு வாங்கி, 2025இல் கைமாற்றிவிட்டது. நல்ல சந்தைதான். படங்கள் அருமையாக இருக்கும், விவரம் பத்தி பத்தியாக இருக்கும், விற்பவருக்குத் தன் பொருள் மேல் காதல் இருக்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு விற்பனையாளரும் தன் திருப்பும் விதியைத் தானே எழுதுகிறார். 'திருப்பி வாங்க மாட்டேன்' என்றும் எழுதலாம். அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, பொருள் விவரித்தபடி இல்லை என்று காட்டுவது. 'அற்புதமாக வாசிக்கும்' என்று அவர் எழுதியிருக்கிறார், உங்களுக்கு அற்புதமாக வாசிக்கவில்லை; இதை எந்தப் படத்தை அனுப்பி நிரூபிப்பீர்கள்? முழுக்க எழுதிய விவரம் வாங்குகிறவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறோம். பல நேரம் அது விற்பவரைத்தான் காப்பாற்றுகிறது. 'சொல்லிவிட்டேனே' என்பார். ஒரு வரி விவரம் போட்ட கடைக்கோ அப்படிச் சொல்ல வாயில்லை, அது கேட்கவும் போவதில்லை.

'ஆனால் மனிதரிடம் வாங்கினால் முகம் பார்த்து நம்பலாமே' என்ற வாதம் மிச்சமிருக்கிறது. முகம் பார்த்து நம்புகிற பழக்கத்தை நான் இகழவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விற்பனை பற்றிய சீர்மை வணிகச் சட்டப் பகுதியை லூசியானா தவிர மற்ற மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. அதன்படி, ஒரு வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் விற்கும்போது, அந்தப் பொருள் அதன் சாதாரணப் பயனுக்கு உதவும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும், கூடவே வருகிறது. தன் பழைய கிட்டாரை எப்போதோ ஒருமுறை விற்கிற தனி ஆளுக்கு அது பொருந்தாது. 'இருப்பது இருக்கிறபடி' என்று எழுதி வியாபாரியும் இதிலிருந்து கழன்றுகொள்ளப் பல மாநிலங்களில் இடம் உண்டு, ஆகையால் இதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. ஆனாலும் சட்டத்தின் சாய்வு எந்தப் பக்கம் என்பது விளங்கும். முகம் பார்த்து நம்பிய அந்த மனிதர் பணத்தை வாங்கிக்கொண்டு வீடு மாறிப் போய்விட்டால், அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திருட்டுச் சரக்கு விஷயமும் இதே போக்கில்தான். பழைய பொருள் வியாபாரத்தைப் பல மாநிலங்களும் நகரங்களும் சட்டத்தால் கட்டியிருக்கின்றன. விற்க வருகிறவரின் அடையாள அட்டையைப் பதிய வேண்டும், பொருளின் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், குறிப்பிட்ட நாள்கள் விற்காமல் வைத்திருக்க வேண்டும். கடையில் வாங்கினால் திருட்டுப் பொருளே வராது என்று நான் சொல்லவில்லை. கனடாப் பாடகர் ராண்டி பாக்மனின் 1957ஆம் ஆண்டு கிரெட்ச் கிட்டார் 1976இல் டொராண்டோவில் களவுபோய், 2020இல் டோக்கியோவில் ஓர் இசைக்கலைஞரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் அதைக் கடையில்தான் வாங்கியிருந்தார். 2022 ஜூலை 1ஆம் தேதி அதேபோன்ற இன்னொரு 1957 கிட்டாரை ஈடாக வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பெருந்தன்மையான முடிவு. எல்லாக் கதைகளும் அப்படி முடிவதில்லை. திருடியவரால் உரிமையை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது என்பது சட்டம். உரியவர் வந்தால் கிட்டார் போகும். அப்போது கையில் ரசீதும், எதிரே கதவு திறந்திருக்கும் ஒரு கடையும் இருப்பவர் பணத்தையாவது கேட்கலாம். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நோட்டை எண்ணிக் கொடுத்தவர் யாரிடம் கேட்பார்?

அடுத்து, ஊழியர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற ஏளனம். இதைச் சொல்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம் கண்ணில் படுவதில்லை. தெரியாமை இரண்டு பக்கமும் வெட்டும். ஆண்டைத் தவறாகப் போட்டு விலையை ஏற்றினால் நீங்கள் வாங்கப் போவதில்லை, அல்லது வாங்கித் திருப்பிவிடுவீர்கள். தவறாகப் போட்டு விலையைக் குறைத்தால் ஆதாயம் உங்களுக்கு. சரிபார்ப்பதும் பெரிய வித்தை அல்ல. மெக்சிகோ ஃபெண்டரின் வரிசை எண் எம்என் என்று தொடங்கினால் 1990கள், எம்இசட் என்றால் 2000க்குப் பிந்தைய பத்தாண்டு. 1977 முதல் 2005 வரையிலான எட்டு இலக்க கிப்சன் கிட்டார் எண்ணில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் ஆண்டு, இடையிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. போலி கிப்சன் பலவற்றில் தலைப்பகுதி மூடியில் மூன்று திருகாணி இருக்கும், அசலில் இரண்டு. கிளையின் தொலைபேசி எண் பட்டியலோடு கிடைக்கிறது. கூப்பிட்டு, 'தலைப்பகுதியின் பின்புறத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, எண்ணைப் படித்துச் சொல்ல முடியுமா' என்று கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். அந்த இளைஞனுக்கு அந்தக் கிட்டார் மேல் காதலும் இல்லை, பொய் சொல்லும் தேவையும் இல்லை. சொந்தப் பொருளை விற்கிறவரிடம் இந்த அலட்சியம் கிடைக்காது.

விலை கூடுதல் என்ற புகாரில் கொஞ்சம் நியாயம் உண்டு. தனி ஆளிடம் பேரம் பேசலாம், விற்பனை வரியும் இல்லை. டெக்சஸில் உச்ச வரி 8.25 சதவிகிதம். 600 டாலர் ஆம்புக்கு 49 டாலர் 50 சென்ட். இதோடு கடை வைத்த கூடுதல் விலையும் சேரட்டும். இதை நஷ்டம் என்று எழுதுவதா, காப்பீட்டுக் கட்டணம் என்று எழுதுவதா? ஆம்பைத் திறந்து கோளாறு என்னவென்று பார்க்க மட்டும் மெக்கானிக் இதைவிட அதிகம் கேட்கிற ஊர்கள் அங்கே உண்டு. சரிசெய்கிற கூலி தனி.

கடை விற்பவர்களுக்கு அடிமாட்டு விலை கொடுக்கிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. கொடுக்கிறது. அது விற்கிறவரின் பிரச்சினை. வாங்குகிறவருக்குச் சொல்லும் அறிவுரையில் அதை ஏன் கலக்க வேண்டும்?

கார்ப்பரேட் வெறுப்பு இதைவிடக் கனமானது. அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். 2007இல் பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் கடனோடு சேர்த்து ஏறக்குறைய 210 கோடி டாலருக்கு இந்தச் சங்கிலியை வாங்கியது. அந்தக் கடன் சுமை கடையின் முதுகிலேயே ஏறியது. 2014இல் ஏரஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 2020 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்து, அடுத்த மாதமே கடனில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஊழியர்களின் கூலி குறைவு, பயிற்சி குறைவு, படங்கள் மோசம் என்பதற்கெல்லாம் இந்த வரலாற்றில் வேர் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஊரிலுள்ள சிறு வாத்தியக் கடைக்காரர் பழுது பார்த்து, கம்பி மாற்றி, சோதித்துப் பழைய கிட்டாரை விற்றால், அவரிடம் வாங்குங்கள். அவருக்கு எதிராக எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சிறு கடையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று முகம் தெரியாத தனி ஆளிடம் போய் ஆயிரம் டாலரை எண்ணிக் கொடுக்கச் சொல்வதில் எந்தச் சிறு கடை பிழைக்கப் போகிறது?

கடையின் நிதிநிலை வேறொரு வகையில் நம் கவலைக்கு உரியதுதான். திருப்பித் தரும் உரிமை, கடை உயிரோடு இருக்கும்வரைதான். 1924இல் புரூக்ளினில் தொடங்கிய சாம் ஆஷ் சங்கிலி நூறு வயதை எட்டிய அதே 2024இல் கடைகளை எல்லாம் மூடியது. மூடுவிழாத் தள்ளுபடியில் வாங்கிய பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு யாரிடம் போவது? எந்தக் கடையாக இருந்தாலும் 'எல்லா விற்பனையும் இறுதியானது' என்ற பலகை தொங்கத் தொடங்கினால், நான் இதுவரை சொன்ன வாதம் அந்தக் கடைக்குச் செல்லாது. தள்ளுபடி எவ்வளவு இனித்தாலும் அங்கே பழையது வாங்க வேண்டாம்.

செல்லாத இடங்கள் இன்னும் உண்டு. விண்டேஜ் என்று தனி வகையில் வைத்து விற்கும் அரிய பொருள்களுக்குக் கெடு மிகவும் குறுகியது. அவற்றுக்கு அறிந்தவர் கண் வேண்டும், நேரில் வேண்டும். ஊதுகிற வாத்தியங்களின் வாய்ப்பகுதி, ஹார்மோனிகா போன்றவற்றைச் சுகாதாரம் கருதித் திரும்ப எடுப்பதில்லை. பக்கத்தில் கிளை இல்லாத ஊரில் இருப்பவர் பெட்டியைத் திரும்ப அனுப்பும் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வகையினர் நம்மவர்கள். அமெரிக்காவிலிருக்கும் அண்ணனிடமோ அத்தை மகனிடமோ சொல்லி, சென்னைக்கு வரும்போது ஒரு பழைய ஆம்ப் கொண்டுவரச் சொல்கிறவர்கள். விமானம் ஏறியதுமே திருப்பும் உரிமை போய்விட்டது. தவிர, அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் அன்றைக்கே கதை முடியும். கிட்டார் என்றால் பரவாயில்லை, ஆம்ப் வேண்டவே வேண்டாம். கிட்டாரையும் அண்ணன் ஒரு மாதம் வாசித்துப் பார்த்த பிறகு கொண்டுவரட்டும்.

பெட்டி கட்டும் லட்சணத்துக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கிப்சன் கிட்டாரின் தலைப்பகுதி 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், கழுத்தும் தலையும் ஒரே மகோகனி மரம், வளைவைத் திருத்தும் கம்பிக்காக அவை சேரும் இடத்தில் மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். பெட்டி ஒருமுறை குப்புற விழுந்தால் போதும், அங்கேதான் ஒடியும். பூச்சுக்கு அடியில் மயிரிழை போல ஓடும் விரிசல் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஃபெண்டர் தலை தட்டையானது, கழுத்து திருகாணியில் நிற்பது, அது தாங்கும். ஆகவே கிப்சன் வகை வாங்கினால், கெட்டிப் பெட்டியோடு வருகிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வரவழைப்பதைவிட உங்கள் ஊர்க் கிளைக்கே வரவழைத்து, ஊழியர் முன்னால் பிரித்து, விளக்கடியில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒடிந்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

என் கட்சிக்கு எதிராக நான் கேட்டதிலேயே நல்ல வாதம் ஒன்று உண்டு. நீ குறை கண்டு திருப்பிய பொருளை அவர்கள் சரிசெய்யாமல் அதே சுவரில் மாட்டி அதே விவரத்தோடு அடுத்தவருக்கு விற்பார்கள். அப்படியென்றால் உனக்கு வருவதும் யாரோ திருப்பியதுதானே என்பது. அப்படி நடக்க இடமுண்டு, மறுக்க மாட்டேன். திருப்பும்போது என்ன குறை என்று எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்பது நம் கடமை. ஆனால் இந்த வாதம் கெடுவைப் பயன்படுத்தாதவரைத்தான் பயமுறுத்த வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலடியில் தள்ளிவைத்து இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கிறவருக்குக் கடையும் ஒன்றுதான், பெட்ரோல் பங்க் ஓரமும் ஒன்றுதான்.

கச்சேரிக்கு ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு நான் பேசவில்லை. அது வாடகை தராத வாடகை. கெடுவைக் குறைக்கக் கடைகளுக்குக் கிடைக்கும் சாக்கும் அதுதான்.

மற்றவர்களுக்குச் சொல்வது இது. பெட்டி வந்த அன்றே கெடு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆம்ப் என்றால் ஒரு முழு மாலை சூடேற்றி, பக்கத்து வீட்டார் மன்னிக்கும் அளவுக்காவது ஒலியைக் கூட்டி வாசியுங்கள். சின்தசைஸர் என்றால் மணிக்கணக்கில் ஓடவிட்டு ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகக் கேளுங்கள். மரக் கிட்டார் என்றால் மூன்று வாரம் உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கட்டும், பிறகு எல்லா ஃப்ரெட்டிலும் ஒருமுறை வாசியுங்கள். முடிந்தால் வாசிக்கத் தெரிந்த நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அவர் கையிலும் கொடுங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால், காரணம் தேடிக்கொண்டு உட்காராமல், ரசீதோடு எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிவிடுங்கள்.